ஒன்பது விரல் உத்தியோகம்

கோயமுத்தூரில் கையில் கட்டோடு தெருவில் நடந்தால் "என்னாச்சுங்க?" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த மிஷினுங்க?" என்றுதான் கேட்பார்கள். லேத் என்றால் ஒரு உச்சுக்கொட்டல். பவர் பிரஸ் என்றால் உட்கார நாற்காலி. தறி, கார்டிங், கிரைண்டிங் வீல் என்று ஒவ்வொன்றுக்கும் இந்த ஊரில் தனித்தனி மரியாதை உண்டு. டீக்கடை பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்த பெரியவரும் அதைத்தான் கேட்டார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பெட்ஷீட்டுங்க" என்றேன். அவர் பழைய இடத்துக்கே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை இங்கே பஞ்சாலை தொடங்கினார். 1930-களில் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்து மில்கள் பெருகின. பிறகு மோட்டார் வந்தது, பம்ப்செட் வந்தது. 1955-இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி வெட் கிரைண்டர் ஆக்கினார். இந்த ஊரின் வரலாறு முழுக்கச் சுற்றுகிற சக்கரங்களின் வரலாறுதான். சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் யாரோ ஒருவருடைய விரல் இருக்கும். நானும் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் காலம் தள்ளியவன்தான். ஆனால் கணக்குப் பிரிவு. வேலைக்காலம் முழுவதும் நான் கையாண்ட அதிபயங்கர இயந்திரம் ஸ்டேப்ளர். அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஓய்வு பெற்று, பத்து விரலையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் இது நடந்தது.

ஆடி நோம்பிக்கு ஈரோட்டிலிருந்து ஒறம்பரை வருவதாக இருந்தது. உள் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போடும் பொறுப்பு என்னுடையது. சும்மா விரித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் எப்போதோ ஊட்டியில் தங்கிய ஒரு ஓட்டல் அறையில், விரிப்பின் ஓரத்தை ஒரு சுருக்கம் இல்லாமல் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு லட்சியம் இருந்தது. மெத்தை இலவம்பஞ்சு. நல்ல கனம். விரல்களை விறைப்பாக நீட்டி, விரிப்பின் ஓரத்தோடு சேர்த்து உள்ளே ஒரு குத்துக் குத்தினேன். மற்ற விரல்கள் போய்விட்டன. மோதிர விரல் மட்டும் கட்டில் சட்டத்தில் முட்டி மடங்கியது. வலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தால் அந்த விரலின் கடைசிக் கணு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இடது கையால் தூக்கிவிட்டேன், நிமிர்ந்தது. விட்டேன், தொங்கியது.

"ஏனுங்க, வெரல நீட்டுங்க" என்றாள் வீட்டுக்காரி.

"நீட்டிட்டுத்தான் இருக்கறேன்."

"முழுசா நீட்டுங்கன்னா."

"இதுதான் முழுசு."

அவள் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், கடைசியாகப் பாதி செருகிய விரிப்பைப் பார்த்தாள். "ஒரு வேலை சொன்னா முடிக்கிறதுக்குள்ள எதையாச்சும் ஒடச்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டு மீதிப் பாதியை அவளே செருகினாள். சுருக்கம் இல்லாமல்.

எங்கள் பகுதி எலும்பு டாக்டரின் காத்திருப்பு அறை, மேற்படி டீக்கடையின் பெரிய வடிவம். பவுண்டரியில் காலில் அச்சு விழுந்த பையன் ஒருவன், தறியில் கை மாட்டிக்கொண்ட சோமனூர் அம்மா ஒருவர். தூக்குக் கட்டோடு இருந்த லாரி டிரைவர் வலியைப் பொறுத்துக்கொண்டு செல்போனில் லோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் நடுவே நான், ஒரு விரல் நுனியை மறு கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் டோக்கன் வாங்கிய ஒருவர், "நீங்க வேணா முன்ன போங்க" என்றார். மறுத்துவிட்டேன். அந்த அளவுக்காவது மானம் மிச்சமிருந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர், "எலும்பு நல்லாருக்குது" என்றார். அதுவும் போச்சு. எலும்பில் ஒரு விரிசலாவது இருந்திருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ள ஆகியிருக்கும்.

"இதுக்குப் பேரு மேலட் ஃபிங்கர். கிரிக்கெட்டு, பேஸ்பால் ஆடறவங்களுக்கு அடிக்கடி வரும். பந்து நேரா வெரல் நுனியில படும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்லிப்பில் ஒரு கேட்ச். பந்து விட்டதா பிடித்ததா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

"அப்புறம் வீட்டுல பெட்ஷீட்டு செருகறப்ப வரும், சாக்ஸ் இழுத்து மாட்டறப்ப வரும்" என்று அவர் தொடர்ந்தார். என் விஷயத்தை நான் சொல்வதற்கு முன்பே மருத்துவ நூல்கள் எழுதி வைத்திருந்தன. வயதானவர்களுக்கு இப்படி அற்பக் காரணங்களால் வருவது சகஜம் என்று ஆறுதலாக வேறு சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்த வயது வரை, விரலை அசைக்கிற சதை விரலில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். விரலில் அப்படி ஒன்று கிடையவே கிடையாதாம். நீட்டுகிற முக்கியமான சதைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் உட்கார்ந்திருக்கின்றன. அவினாசிப் பக்கம் எங்கள் அப்பாரு தோட்டத்தில் கவலை இறைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாடுகள் வாரியில் இறங்கும், வடம் கப்பி வழியாக ஓடும், ஆழத்தில் கிடக்கிற சால் மேலே வரும். விரலும் அதே ஏற்பாடுதான். மாடு முன்கையில், சால் விரல் நுனியில், நடுவே தசைநாண் என்கிற வடம். கையின் மேல்பக்கம் கெட்டியாக வருகிற அந்த வடம் கடைசிக் கணுவை எட்டும்போது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்துவிடுகிறது. நீட்டி விறைத்திருக்கிற விரலை எதுவாவது திடீரென்று மடக்கினால் அந்த நுனியில்தான் அறும். மாடு இன்னும் நன்றாகத்தான் இழுக்கிறது. சால்தான் வருவதில்லை. உள்ளங்கைப் பக்கமிருந்து மடக்குகிற நாண் முழுசாக இருப்பதால், எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் அது தன் இஷ்டத்துக்கு நுனியைக் கீழே இழுத்து வைத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் நாளாவட்டத்தில் நடுக் கணு பின்பக்கமாக வளைந்து, விரல் முழுவதும் கோணிக்கொள்ளவும் கூடுமாம்.

"ஆபரேஷனுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். குரலில் இருந்தது பயம் என்று அவர் நினைத்தார். உண்மையில் அது ஆசை. ஆபரேஷன் என்றால் ஆள் வரும், ஹார்லிக்ஸ் வரும், ஆப்பிள் வரும், தலைமாட்டில் உட்கார்ந்து "பாவம்" என்பார்கள்.

"அதெல்லாம் வேண்டாம். மூட்டோட பரப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல எலும்பு பேந்துருந்தா, இல்ல மூட்டு நழுவியிருந்தா யோசிக்கலாம். உங்களுக்கு ஸ்பிளிண்ட் போதும்."

மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தார். தோல் நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. விரல் நுனியில் மாட்டி, கடைசிக் கணு இம்மியளவு பின்னால் சாய்ந்த மாதிரி நிறுத்தி, பிளாஸ்திரி ஒட்டினார். நகத்துக்குப் பின்னால் தோல் வெளிறுகிறதா என்று பார்த்தார். அதிகம் சாய்த்தால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையுமாம். முடிந்தது. அதன் விலையைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

"ஆறு வாரத்துலருந்து எட்டு வாரம். தொடைக்கறப்பத் தவிர ராத்திரி பகல் கழட்டக்கூடாது. அதுக்கப்புறம் சில வாரம் தூங்கறப்ப மட்டும். அறுந்த முனைக ரெண்டும் தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஒட்டும். நடுவுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கணு மடங்கிருச்சுன்னா, மறுபடியும் மொதல் நாள்ல இருந்து எண்ணணும்."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. அதைவிட முக்கியமாக, என் வீட்டுக்காரி காதில் விழுந்தது.

காப்பீட்டு முகவரான என் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, இதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். இருபத்துநாலு மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும் என்றார். விரலை மட்டும் அட்மிட் செய்ய வழியில்லை என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் கங்கா ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் இப்போது எனக்கு ஒரு கூச்சம். 1978-இல் மயக்க மருந்து டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் தொடங்கிய இடம். அவருடைய மகன்களில் ராஜசேகரன் எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும், ராஜ சபாபதி கைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். மிஷினில் போன விரலையும் கையையும் மைக்ராஸ்கோப் வைத்து, நூலிழை ரத்தக்குழாய்களைத் தைத்து, திரும்ப ஒட்டுகிறார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வெளிநாடுகளிலிருந்து டாக்டர்கள் கோயமுத்தூருக்கு வந்து தங்குகிறார்கள். இத்தனை மிஷின் இருக்கிற ஊரில் கைக்கு இப்படி ஒரு இடம் வந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு. கை அறுவை மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், எலும்பு பெயராத என் மாதிரி விரலுக்கு உலகம் முழுக்க முதல் வைத்தியம் அந்தத் துண்டு பிளாஸ்டிக்தான். நுனி நாண் அவ்வளவு மெல்லிசு. மேலே தோலும் மெல்லிசு. தையல் நிற்பது கஷ்டம். கிழித்துத் தைத்தால் சீழ் வைக்கலாம், நகம் கோணலாம், மூட்டு இறுகலாம். வெட்டத் தெரிந்தவர்களே வெட்ட வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் எல்லாப் பாரமும் யார் தலையில் விழுகிறது? நோயாளி தலையில்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஸ்பிளிண்டில் பல ஜாதி உண்டு. எனக்குப் போட்ட மூடி, ஸ்டாக் என்ற பிரிட்டிஷ் கை மருத்துவர் பெயரில் வழங்குவது. அலுமினியத் தகட்டில் ஸ்பாஞ்சு ஒட்டி, தவளை வடிவில் வெட்டியது ஒன்று மருந்துக்கடையில் தொங்கும். வெந்நீரில் போட்டால் இளகி, விரலின் அளவுக்கே அச்சாகப் படிகிற பிளாஸ்டிக் இன்னொன்று. இவற்றில் எது சிறந்தது என்று, நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி 2004-இல் காக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்தது. எதையும் சிறந்தது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்தது. ஸ்பிளிண்ட் அன்றாடப் புழக்கத்துக்குத் தாங்க வேண்டும், போட்டுக்கொள்கிறவர் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும், இவை இரண்டும் முக்கியம் என்றது. இதை என் மகள் போனில் படித்துச் சொன்னபோது வீட்டில் ஒரு நீண்ட மௌனம் நிலவியது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் கூடி, குறை மூடியில் இல்லை, மூடி போட்டவனைக் கண்காணியுங்கள் என்று என் வீட்டுக்காரிக்கு எழுத்து மூலமாக அதிகாரம் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆட்சி மாறியது.

தினமும் காலையில் மூடியைக் கழற்றித் தோலைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, தோல் வெளுத்து ஊறிப்போய்ப் புண்ணாகும். ஆனால் கழற்றும்போதும் கணு மடங்கக்கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உள்ளங்கை படிய விரலை நீட்டி வைக்க வேண்டும். மேசையை விட்டு நுனி எழும்பாமல் மூடியை மெல்ல உருவ வேண்டும். விரல் மேசையோடு ஒட்டியிருக்கும்போதே துடைத்து, காற்றாட விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். இத்தனையும் முடியும்வரை நான் மூச்சு விடுவது கூட அவள் அனுமதியோடுதான். அந்த நேரம் பார்த்து எனக்கு மூக்கு அரிக்கும். பால்காரர் மணி அடிப்பார். ஒரு நாள் தும்மல் வந்தபோது அவள் என் விரல் நுனியைத் தன் கட்டை விரலால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தும்மிக்கொள்ளலாம், விரல் மட்டும் அவள் பொறுப்பு. கல்யாணத்தன்று பிடித்ததற்கு அப்புறம் அவ்வளவு அழுத்தமாக என் கையை அவள் பிடித்தது அன்றைக்குத்தான்.

வீட்டு வேலையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்பது என் அடுத்த கணக்கு. கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கே அது தப்பாய்ப் போனது. விரலைக் காட்டி, "டாக்டர் எந்த வேலையும் செய்யக்கூடாதுன்னாரு" என்றேன்.

"டாக்டரு சொன்னப்ப நானும் பக்கத்துலதான இருந்தேன்? கடைசிக் கணு மடங்கக்கூடாதுன்னாரு. நடுக் கணுவ நல்லா மடக்கோணும், இல்லாட்டி அது எறுகிப்போயிரும்னாரு. மத்த ஒம்பது வெரலப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

சின்ன வெங்காயம் உரிக்க மோதிர விரல் தேவையில்லை. இது உடற்கூற்று உண்மை. கட்டை விரல், ஆட்காட்டி விரல், ஒரு கத்தி போதும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எங்கள் வீட்டில் எத்தனை வெங்காயம் போகிறது என்பது எனக்கு அந்த ஆடி மாதம்தான் தெரிந்தது. பூண்டும் அப்படியே. தேங்காய் துருவல் மட்டும் வலது கை முழுவதும் வேண்டிய வேலை என்று வாதாடி விலக்குப் பெற்றேன். அதற்கு ஈடாக முருங்கைக்கீரை உருவக் கொடுத்தாள்.

சாப்பிடுவது தனிக் கதை. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடாவிட்டால் அது சாதமே இல்லை. கொங்கு நாட்டில் ஸ்பூனால் அதைச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால், வயிறு சரியில்லையா என்று கேட்பார்கள். மூன்று விரலால் பிசைந்து பார்த்தேன். மூடிக்கும் விரலுக்கும் நடுவே நெய் இறங்கியது. ரசம் இறங்கியது. சாயங்காலம் நடைப்பயிற்சியில் தெரு நாய் ஒன்று மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு என் வலது கையோடு கூடவே வந்தது. அதற்கு அப்புறம் ஸ்பூன்தான். யாராவது பார்த்தால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன், பெட்ஷீட் என்று சொல்வதைவிட அது கௌரவம்.

பேரூர்ப் பட்டீசுவரர் சன்னதியில் குங்குமம் எடுக்க வழக்கப்படி மோதிர விரலை நீட்டினேன். குங்குமம் பிளாஸ்டிக்கில் ஒட்டியது, நெற்றியில் ஒட்டவில்லை. ரேஷன் கடைக் கைரேகை இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், சர்க்கரை கிடைத்தது.

தூக்கம்தான் கெட்டது. மூடி மாட்டியிருக்கும்போது கணு மடங்க வழியில்லை என்று அறிவுக்குத் தெரியும். நடு இரவில் அறிவு தூங்கிவிடும், பயம் மட்டும் விழித்திருக்கும். எழுந்து விளக்கைப் போட்டு, விரல் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பேன். அப்படி ஒரு ராத்திரி தூக்கம் வராமல், கையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பால் பிராண்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

1914-இல் பிறந்து, மிஷனரிப் பெற்றோரோடு கொல்லிமலையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்குப் படிக்கும் முன்பு கட்டட வேலை கற்றுக்கொண்டார். தச்சு, கொத்து எல்லாம் தெரியும். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளை அப்போது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்காத காலம். நன்றாக இருக்கிற ஒரு சதையின் நாணைக் கொண்டுபோய், செயலிழந்த விரலில் பூட்டி, அந்தக் கைகளை மறுபடி வேலைக்கு அனுப்பினார். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அது இல்லை. வளைந்து இறுகிப்போன விரலை அவர் பலவந்தமாக நிமிர்த்த மாட்டாராம். வலிக்காத அளவுக்கு நீட்டி மாவுக்கட்டுப் போடுவார். சில நாள் கழித்து அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி மறு கட்டு. பிறகு இன்னொன்று. உயிருள்ள திசு அவசரத்துக்குக் கிழியும், பொறுமைக்கு வளரும் என்பதை அவர் கைகளிலேயே செய்து காட்டினார். கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். நாமக்கல் என்றால் கொங்கு. கொங்கு என்றால் கொஞ்சம் விசாரித்தால் ஏதாவது ஒரு வழியில் முறை வந்துவிடும். மறுநாள் காலையில், விரல் வைத்தியத்தில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் உலகப் பேர் வாங்கியிருக்கிறார் என்று நான் வீட்டில் பெருமையோடு அறிவித்தேன். "அவரு டாக்டரு. நீங்க நோயாளி. கையை மேசை மேல வைங்க" என்று பதில் வந்தது.

பெரிய கண்டம் ஆவணியில் வந்தது. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம்.

முகூர்த்த வீட்டில் கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று நம்பிப் போனேன். விரல் நேராக இருப்பதால் கும்பிடு எனக்குப் பிரச்சினையே இல்லை, சொல்லப்போனால் அந்த மண்டபத்திலேயே என் கும்பிடுதான் ஒழுங்கு. ஆனால் இப்போது எல்லோரும் கை குலுக்குகிறார்கள். பாசம் அதிகமானால் பிசைகிறார்கள். வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினால், அபசகுனம் என்று பெண் வீட்டார் முறைத்தார்கள். கடைசியில் மூடியை வெளியே காட்டிவிடுவதே நல்லது என்று முடிவு செய்தேன். வினை அங்கேதான்.

காட்டியதும் வைத்தியம் தெரியாதவர் அந்த மண்டபத்தில் ஒருவருமில்லை என்று ஆகிவிட்டது. பிரண்டையை வதக்கிக் கட்டு என்றார் ஒரு அத்தை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் என்றார் இன்னொருவர். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். ஆந்திரத்துப் புத்தூர் வரை போகவே வேண்டாம், ஊருக்கு ஊர் அந்தப் பெயரில் பலகை தொங்குகிறது. எலும்பு வைத்தியர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். மூங்கில் தப்பை வைத்து, துணி சுற்றி, அசையாமல் கிட என்று அவர்கள் சொல்வதும் என் டாக்டர் பிளாஸ்டிக் மூடி போட்டுச் சொல்வதும் அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் கட்டுவதற்கு முன்னால் எண்ணெய் போட்டு நீவி, இழுத்து, மடக்கிப் பார்ப்பது என்று ஒரு சடங்கு சிலரிடம் உண்டு. எத்தனையோ உபாதைக்கு அது சுகம். இந்த விரலுக்கு மட்டும் அது சர்வநாசம்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காங்கேயத்துப் பெரியப்பா அந்தச் சடங்கில் நம்பிக்கையுள்ளவர். காளை மாட்டுக் கொம்பை வளைத்த கை அது.

"எங்க, வெரலக் காட்டு கண்ணு."

காட்டினேன், அரை அடி தூரத்தில்.

"இதென்ன மூடி? கழட்டு. சுளுக்குத்தான். ஒரு சொடக்கு எடுத்தா அக்கட்டால போயிரும்."

"வேண்டாங் பெரியப்பா. டாக்டரு மடக்கக்கூடாதுன்னு—"

"டாக்டருக்கு என்ன தெரியும்? மாட்டுக்கே நாந்தான் பாக்கறேன்."

அவர் கை நீண்டது. நான் இலையோடு நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார். எட்டு வாரத்தில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. வெங்காயமும் பூண்டும் முருங்கைக்கீரையும் என் கண் முன்னால் மலையாகக் குவிந்தன. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து உரிக்க வேண்டும். பெரியவரிடம் மரியாதைக் குறைவாகவும் பேச முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். அதைப் பார்த்த பரிமாறுகிற பையன் நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து ஓடிவந்து இன்னொரு ஒப்புட்டு வைத்தான். கை இறங்கவில்லை. இன்னொன்று வைத்தான்.

பந்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி எழுந்து வந்தாள். "மாமா, அந்த வெரல் எம் பொறுப்புங். நீங்க சாப்புடுங்க" என்றாள். ஏழே வார்த்தைதான். பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். என் விரல் எனக்குச் சொந்தமில்லை என்பது கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் சாட்சியாகப் பதிவானது. நான் மூன்று ஒப்புட்டையும் ஸ்பூனால் சாப்பிட்டேன். எதிர் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "வயிறு செரியில்லயாட்ட இருக்குது" என்றார்.

நாள் முடிந்து டாக்டரிடம் போனோம். மூடியை எடுத்தார். உள்ளங்கையை மேசையில் வைத்து விரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கடைசிக் கணுவும் கூடவே வந்தது. முழுசாக என்று சொல்ல முடியாது, இடது கையோடு ஒட்டிப் பார்த்தால் வலது சற்றே தாழ்ந்திருக்கிறது. ஐந்து பத்து டிகிரி தாழ்வு பலருக்கும் மிஞ்சுமாம், வேலைக்கு அதனால் குறைவில்லையாம். கணுவின் மேல் பக்கம் ஒரு சின்ன மேடும் இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும் என்றார். ராத்திரி மட்டும் இன்னும் சில வாரம் மூடி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார்.

"மெதுவா மடக்குங்க சார்" என்றது அந்தப் பெண்.

நான் மடக்கவில்லை.

"கடைசிக் கணுவ மட்டும், கொஞ்சமா, வலிக்காத அளவுக்கு. இந்த வாரம் லேசா, அப்புறம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா."

"மடக்கலாங்களாம்மா?"

"மடக்கலாம் சார்."

"நெசமாத்தான?"

"நெசமாத்தான் சார்."

விரலுக்கு உத்தரவு அனுப்பினேன். அது போகவில்லை. முன்கையில் மாடு நிற்கிறது, வடம் ஒட்டியிருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் இத்தனை வாரமாக மடக்காதே, மடக்காதே என்று காதில் ஓதியதில், அந்தக் கணுவைவிட நான்தான் அதிகம் இறுகிப்போயிருந்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் காத்திருந்தது. நான் திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினால் மடக்கலாம் என்று இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "ஏனுங் அம்மிணி, மடக்கலாம்னு சொன்னீங்கல்ல, அத ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க" என்றாள். "கூடவே, ரெண்டு கையிலயும் தேங்கா துருவலாம்னும் எழுதிருங்க."